வண்டியில் அடிபட்டால் கிளெய்ம் போடுவதா, கைக்காசில் முடிப்பதா?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், மேலிருந்து இறங்கும் பேருந்துக்கு இடம்விட ஒதுங்கியபோது தடுப்புச் சுவரில் உரசிய காரைச் சேலத்தின் எந்தப் பணிமனைக்குக் கொண்டுபோனாலும், ஒடுக்கு விழுந்த இடத்தைக் குனிந்து பார்ப்பதற்கு முன்பே அங்குள்ளவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்சூரன்ஸா, கேஷா?” வருடந்தோறும் பிரீமியம் கட்டுகிறோமே என்ற எண்ணத்தில் பலர் யோசிக்காமல் “இன்சூரன்ஸ்” என்று சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலர், கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸ் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாற்பதாயிரம் ரூபாய் வேலையைக்கூடக் கைக்காசில் முடித்துக்கொள்கிறார்கள். இரு சாராருமே கணக்குப் பார்ப்பதில்லை. எஸ்டிமேட்டின் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் கணக்காகாது. அந்தத் தொகையில் நிறுவனம் உண்மையில் எவ்வளவு தரும், அதை வாங்கிக்கொண்டால் வரும் ஆண்டுகளில் பிரீமியமாக எவ்வளவு கூடுதலாகக் கட்ட நேரும் என்ற இரண்டையும் கண்டுபிடித்த பிறகே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பாலிசி கையில் இருந்தால் கால் மணி நேர வேலை அது.

முதலில் பாலிசியில் சொந்தச் சேதப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அந்தக் காப்பீட்டை மட்டுமே என்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள்.

கணக்குக்கே இடமில்லாத சூழ்நிலைகள்

விபத்தில் யாருக்காவது அடிபட்டிருந்தால், லாப நட்டம் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர்மீது சுமத்தும் கடமைகள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். சிராய்ப்புதானே என்று ஐந்நூறு ரூபாயைக் கையில் வைத்து அனுப்பிவைத்தவர், சில மாதங்கள் கழித்து மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தால், அதுவரை ஒன்றும் அறியாத நிறுவனத்தின் முன் நீங்கள் சங்கடமான நிலையில் நிற்க வேண்டியிருக்கும். அதோடு, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது பாலிசியில் அச்சிட்டிருக்கும் நிபந்தனை. சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் கூட்டம் கூடி நெருக்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது கடினம்தான். ஆனாலும் அங்கே நின்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது, எஞ்சினைத் தொட்ட சேதம். மலைப்பாதையில் சாலையில் உருண்டு கிடக்கும் கல்லின்மீது வண்டி ஏறும்போது, அடியில் இருக்கும் ஆயில் சம்ப், அதாவது எஞ்சின் ஆயில் தங்கும் தொட்டி, விரிசல் விடுவது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சிறிது தூரம் போனதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரியும். அடிவாரம் வரை இறக்கிவிடலாம் என்று ஓட்டினால் ஆயில் முழுவதும் வடிந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சம்ப் உடைந்தது விபத்துச் சேதம், அதற்குப் பணம் உண்டு; எஞ்சின் பிடித்தது அதன் பிறகு ஓட்டியதால் வந்த பின்விளைவு, அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திராதவர்களுக்குப் பணம் இல்லை. சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டியது இப்படித்தான் லட்சத்தைத் தொடுகிறது. மழைக்காலத்தில் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் நீரில் நின்ற வண்டிக்கும் இதே விதி பொருந்தும்: தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, மீட்பு வண்டியை அழைத்து இழுத்துச் செல்ல வேண்டும். காருக்கு இழுவைச் செலவாக 1,500 ரூபாய் வரை வழக்கமான பாலிசியிலேயே கிடைக்கும்.

ஏர்பேக் விரிந்திருந்தாலோ, சேஸிஸ் வளைந்திருந்தாலோ, வெள்ளம், மண்சரிவு, மரம் விழுதல் போன்றவற்றால் பெரும் சேதம் நேர்ந்திருந்தாலோ தயங்காமல் கிளெய்ம் போட வேண்டியதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அத்தகைய சேதத்தை முழுக் காப்பீட்டு பாலிசி பெயர் குறிப்பிட்டே ஏற்கிறது. பழுதுச் செலவு ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகவே கருதுவார்கள். வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் அந்தத் தொகை முதலில் வங்கிக்குப் போகும்.

நிறுவனம் தரப்போவது எவ்வளவு

இனி, முடிவு உங்கள் கையில் இருக்கும் நடுத்தரச் சேதங்களுக்கு வருவோம். எஸ்டிமேட் கேட்கும்போது ஒரே தொகையாக வாங்காமல், இரும்புப் பாகம், பிளாஸ்டிக் பாகம், கண்ணாடி, பெயிண்டிங், லேபர் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஏனெனில் தேய்மானம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாகக் கழிக்கப்படுகிறது. பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும், டயர், பேட்டரிக்கும், வண்டி நேற்று வாங்கியதாகவே இருந்தாலும், 50 சதவீதம் கழிவு. ஃபைபர் கண்ணாடிப் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறிக்கொண்டே போகும்: முதல் 6 மாதங்களுக்கு ஒன்றுமில்லை, ஓராண்டு முடியும் வரை 5 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 10, மூன்றாம் ஆண்டில் 15, நான்காம் ஆண்டில் 25, ஐந்தாம் ஆண்டில் 35, அதன் பிறகு பத்தாண்டு வரை 40, பத்தாண்டைத் தாண்டினால் 50. பெயிண்டிங்கில் பொருளின் விலைக்கு மட்டும் பாதி கழிவு; பொருளையும் கூலியையும் சேர்த்து ஒரே தொகையாக பில் போட்டிருந்தால் அதில் கால் பங்கைப் பொருள் என்று கொள்வார்கள். லேபருக்குக் கழிவு இல்லை. இத்தனையும் கழித்த பிறகு, 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கட்டாயப் பிடித்தம். பிரீமியத்தைக் குறைப்பதற்காகத் தன்னார்வப் பிடித்தம் எதையாவது ஏற்றிருந்தால் அதுவும் போகும். பாலிசி எடுத்த அன்று ஏஜெண்ட் டிக் செய்த அந்தக் கட்டம் பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்காம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கும் 1,200 சிசி கார். பம்பர் 8,000, இரும்பு ஃபெண்டர் 4,000, பெயிண்டிங் மொத்தமாக 8,000, லேபர் 3,000 என்று 23,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் வருவதாக வைத்துக்கொள்வோம். பம்பருக்கு 4,000, ஃபெண்டருக்கு 3,000, பெயிண்டிங்குக்கு 7,000, லேபருக்கு 3,000 என ஏற்கப்படும் தொகை 17,000. கட்டாயப் பிடித்தம் போக நிறுவனம் தருவது 16,000. மீதி 7,000 உங்கள் பையிலிருந்து. பணிமனைகளில் ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்லப்படும் தேய்மானமில்லாக் காப்பீடு இருந்தால், நீங்கள் தர வேண்டியது ஏறக்குறைய அந்த 1,000 மட்டுமே. அந்தக் காப்பீட்டில் ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருப்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

போனஸ் போவதன் உண்மையான விலை

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஐந்து படிகளில் ஏறுகிறது; ஒரே ஒரு சொந்தச் சேதக் கிளெய்ம் அதைச் சுழியத்துக்குத் தள்ளிவிடும். அடுத்த ஆண்டு மட்டும் பாதிச் சலுகை போகிறது என்று நினைப்பது தவறு. மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருப்பதால், இழப்பு ஐந்து ஆண்டுகளுக்கு நீள்கிறது. 50 சதவீதத்தில் இருப்பவர் கிளெய்ம் போட்டால், அடுத்தடுத்த புதுப்பித்தல்களில் முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம் கூடுதலாகக் கட்டுவார். கூட்டினால், போனஸ் கழிக்காத முழுச் சொந்தச் சேத பிரீமியத்தின் 125 சதவீதம். இதே முறையில் கூட்டிப் பார்த்தால், 45-இல் இருப்பவருக்கும் இழப்பு 125, 35-இல் இருப்பவருக்கு 120, 25-இல் இருப்பவருக்கு 105, 20-இல் இருப்பவருக்கு 80, இன்னும் போனஸே தொடங்காத முதலாண்டுக்காரருக்கு 50 சதவீதம். அதாவது 35-ஐத் தொட்டுவிட்ட பிறகு, இழக்கப்போவது ஏறக்குறைய உச்சப் படியில் இருப்பவர் இழப்பதுதான்.

இந்தச் சதவீதத்தை எந்தத் தொகையின்மீது கணக்கிடுவது? நீங்கள் கட்டிய மொத்த பிரீமியத்தின்மீது அல்ல. அதில் மூன்றாம் நபர் பிரீமியமும் ஜிஎஸ்டியும் கலந்திருக்கின்றன, போனஸ் மூன்றாம் நபர் பகுதியைத் தொடுவதே இல்லை. பாலிசி அட்டவணையில் போனஸாகக் கழித்த தொகை ரூபாயில் அச்சாகியிருக்கும். 50 சதவீத போனஸ் 5,000 ரூபாய் என்று இருந்தால் முழுத் தொகை 10,000. மேற்படி காரின் உரிமையாளருக்கு இதுவே நிலை என்றால், கிளெய்மால் அவர் இழப்பது 12,500 ரூபாய். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் இது சற்றுக் குறையும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்வதால் சற்றுக் கூடும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், வீட்டுக் கணக்குக்கு 12,500 என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, கிளெய்ம் வழியில் அவருடைய மொத்தச் செலவு 7,000-உம் 12,500-உம் சேர்ந்து 19,500. இதை 23,000-உடன் ஒப்பிட்டு 3,500 லாபம் என்று சொல்லிவிடக் கூடாது. இன்சூரன்ஸ் என்றால் பாகத்தைக் கழற்றிப் புதியது மாட்டும் பணிமனைதான், கேஷ் என்றால் ஃபெண்டரைத் தட்டி நிமிர்த்தி, பம்பர் விரிசலை ஒட்டி, பெயிண்ட் அடித்துத் தருகிறது. நகரின் டிங்கரிங் கடைகளில் இதே வேலை இன்னும் குறைவாக முடியும். அதனால் கேஷ் விலையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அது 14,000 என்றால், இந்த உரிமையாளர் கிளெய்ம் போடுவது நட்டம். அவரிடம் தேய்மானமில்லாக் காப்பீடு இருந்தால் கிளெய்ம் செலவு 13,500 ஆகி இரண்டும் சமமாகிவிடும். அப்போது அலைச்சலைக் கணக்கில் வைத்துக் கைக்காசில் முடித்துக்கொள்வதையே நான் விரும்புவேன். அதே காப்பீடு இருந்து போனஸ் வெறும் 20 சதவீதத்தில் இருந்தால் செலவு 9,000-தான். தாராளமாகக் கிளெய்ம் போடலாம்.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போடும் சில விஷயங்கள் உண்டு. போனஸ் வண்டிக்குச் சொந்தமானதல்ல, உரிமையாளருக்குச் சொந்தமானது. விரைவில் பெரிய கார் வாங்கும் எண்ணம் இருந்தால், பழைய காரில் சேர்த்த 50 சதவீதம் புதிய காரின் பெரிய பிரீமியத்தில் கழியும் என்பதால் அதன் மதிப்பு இரட்டிப்பாகும். அப்போது இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். மாறாக, வண்டி ஓட்டுவதையே விட்டுவிடப் போகிறவருக்கு போனஸால் ஆவது ஒன்றுமில்லை. அதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டிருந்தால் இழக்க போனஸ் மிச்சமில்லை. அடுத்த சேதத்துக்குத் தேய்மானத்தையும் பிடித்தத்தையும் மட்டும் பார்த்தால் போதும். ஆனால் புதிய கிளெய்மோடு பழைய ஒடுக்குகளையும் சேர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். துருவேறிய கீறல் எத்தனை மாதம் பழையது என்பது, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயருக்குப் பார்த்தவுடன் தெரியும், ஒவ்வொரு நிகழ்வும் தனிக் கிளெய்ம்தான். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருப்பவர்கள், எத்தனை கிளெய்ம் வரை அது செல்லும் என்று பார்த்துக்கொண்டு, மேலே சொன்ன 125 சதவீதத்தை மறந்துவிடலாம். தவறு யாருடையது என்பது மட்டும் போனஸுக்குப் பொருட்டல்ல: எஸ்டேட் ஓரத்தில் நிறுத்திய கார்மீது சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தாலும், குரங்கு தொங்கிப் பக்கக் கண்ணாடி உடைந்தாலும், கிளெய்ம் கிளெய்ம்தான்.

இருசக்கர வண்டிக்காரர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சொந்தச் சேத பிரீமியமே சிறியது, கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய்தான்; ஆகவே போனஸ் இழப்பு சில நூறுகளிலோ ஓரிரு ஆயிரங்களிலோ நின்றுவிடும். ஐயாயிரம் ரூபாய் சேதத்துக்குக்கூடக் கிளெய்ம் கட்டுபடியாகலாம், மாற்றும் பாகங்கள் எல்லாமே பிளாஸ்டிக்காக இல்லாத வரை.

போட்டாலும் கிடைக்காதவை

மலை ஏறும்போது கிளட்ச் தேய்ந்து கருகினால் அது தேய்மானம், விபத்தல்ல. டயர் மட்டும் வெடித்தால் பணம் கிடையாது. அதே நிகழ்வில் வண்டிக்கும் சேதமாகியிருந்தால் டயருக்குப் பாதி கிடைக்கும். ஓட்டியவரின் உரிமம் காலாவதியாகியிருந்தாலோ அவர் மது அருந்தியிருந்தாலோ சொந்தச் சேதக் கிளெய்ம் நிற்காது. நம் பகுதியில் அதிகம் கண்டுகொள்ளாமல் விடப்படுவது இன்னொன்று: கோடை விழாக் காலத்திலும் விடுமுறைகளிலும் ஓன் போர்டு காரை ஏற்காட்டுச் சவாரிக்கு வாடகைக்கு விடுவது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த பாலிசி வாடகை ஓட்டத்தை ஏற்பதில்லை. வண்டியில் இருந்தவர்கள் உறவினர்கள் என்று கிளெய்ம் படிவத்தில் எழுதுவது, ஒரு நிராகரிப்பைப் பொய்த் தகவல் என்ற பெரிய சிக்கலாக்கிவிடும்.

எதிர் வண்டிக்காரர்தான் இடித்தார் என்றால், அவர் அங்கேயே நியாயமான தொகையைக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொண்டு கைக்காசு வேலையாக முடிப்பது பெரும்பாலும் நல்லது. ஆனால் அதை வாங்கிய பிறகு, அதே சேதத்துக்கு உங்கள் நிறுவனத்திடமும் கேட்கக் கூடாது. உள்ளே வேறு சேதம் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால், அவசரப்பட்டுச் சமாதானக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கிளெய்ம் போடுவது என்று முடிவானால்

வண்டியை நகர்த்துவதற்கு முன் பதிவெண் தெரியும்படியும், சேதம் அருகிலிருந்தும், சாலையும் சுவரும் சேர்ந்தும் படங்கள் எடுத்துக்கொண்டு, அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பின் உள்ளே புதிய சேதம் தெரிந்தால் அவரை மீண்டும் அழைத்து அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். தெரிவித்த பிறகு கணக்குக் கட்டுபடியாகவில்லை என்று பட்டால், பணம் பெறும் முன் கிளெய்மைத் திரும்பப் பெறலாம். அது தொகையின்றி முடிக்கப்பட்டது, போனஸ் தொடரும் என்ற உறுதியை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருக்கும்போது நடந்த விபத்து, எப்போது தெரிவித்தாலும், அது நடந்த பாலிசி ஆண்டின் கணக்கில்தான் சேரும். கிளெய்ம் வாங்கிவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறி, இல்லாத போனஸைச் சொல்லிப் புதுப்பித்தால் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும்போது தெரிந்துவிடும். அடுத்த கிளெய்ம் அங்கேயே சிக்கும். கிளெய்ம் போடாமல் காத்த போனஸும், பாலிசி முடிந்த 90 நாட்களுக்குள் புதுப்பிக்கவில்லை என்றால் போய்விடும்.

சர்வேயர் ஏற்ற தொகை நியாயமற்றது என்று தோன்றினால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன விகிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டு வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.